மலைக்குள் ஒரு 'கட்டடம்': சுற்றுச்சூழல் அனுமதி என்றால் என்ன?

தேனி மாவட்டத்தில் பொட்டிப்புரம் என்று ஒரு கிராமம். பக்கத்தில் நிற்கிற மலையை அம்பரப்பர் மலை என்பார்கள். அந்த மலையைக் குடைந்து ஏறக்குறைய 2 கி.மீ. நீளத்துக்குச் சுரங்கப்பாதை போட்டு, உள்ளே 50,000 டன் எடையுள்ள இரும்புக் கருவியை நிறுத்தி, நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய்வது என்று திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. 2018 மார்ச்சில் சுற்றுச்சூழல் அனுமதியும் வந்தது. அந்த அனுமதியில் இந்தத் திட்டத்தை எந்த வகையில் சேர்த்திருந்தார்கள் தெரியுமா? 'கட்டடங்கள், கட்டுமானங்கள்'. அடுக்குமாடிக் குடியிருப்பும் ஷாப்பிங் மாலும் இருக்கிற அதே பெட்டி.

கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் இந்தப் பெட்டிக் கணக்கைப் புரிந்துகொண்டால் சுற்றுச்சூழல் ஆய்வு என்கிற பெரிய சமாச்சாரத்தில் பாதி புரிந்த மாதிரி. ஒரு திட்டம் எந்தப் பெட்டியில் விழுகிறதோ, அதை வைத்துத்தான் யார் ஆராய்வது, எவ்வளவு ஆழமாக ஆராய்வது, ஊர்க்காரர்களைக் கேட்க வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் முடிவாகிறது.

முதலில் அடிப்படை. ஒரு நிலத்தில் குவாரியோ சாலையோ துறைமுகமோ குடியிருப்போ வருவதற்கு முன்னால், அது வந்தால் அங்கே இருக்கிற தண்ணீர், காற்று, மண், மரம், விலங்கு, மனிதர் எல்லோருக்கும் என்ன ஆகும் என்று கணக்குப் பார்ப்பதுதான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. அலுவலகங்களில் 'இ.ஐ.ஏ.' என்பார்கள். 1969-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்திலிருந்து உலகமெங்கும் பரவிய பழக்கம் இது. இந்தியாவில் 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1994-இல் கட்டாயமானது. இப்போது நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட அறிவிக்கை. அதற்குப் பிறகு வந்த திருத்தங்களை எண்ணி மாளாது.

அந்த அறிவிக்கையில் ஒரு வரி எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. அனுமதி கைக்கு வரும்வரை நிலத்தைப் பாதுகாக்க வேலி போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் எதுவும் கூடாது. கட்டுவது இருக்கட்டும், மண்ணைச் சமப்படுத்தவே கூடாது. ஆகவே பொக்லைன் வந்து நின்றுவிட்டது, அனுமதிக் கடிதம் மட்டும் வரவில்லை என்றால் அங்கேயே கேட்பதற்கு ஒரு கேள்வி இருக்கிறது.

இனி பெட்டிகள். பெரிய திட்டங்கள் 'ஏ' பிரிவு; தில்லியில் மத்திய அமைச்சகம் பார்க்கும். மற்றவை 'பி' பிரிவு. மாநிலத்தில் உள்ள சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் பார்க்கும். 'பி'யிலும் இரண்டு. 'பி1' என்றால் முழு அறிக்கை வேண்டும். 'பி2' என்றால் விண்ணப்பப் படிவமும் இணைப்புகளும் போதும்.

கட்டடங்களுக்கு அளவுகோல் கட்டுமானப் பரப்பு. 20,000 சதுர மீட்டரைத் தொட்டால்தான் இந்த அனுமதியே தேவை. நம் கணக்கில் சுமார் 2,15,000 சதுர அடி. ஆயிரம் சதுர அடி வீடு என்றால் ஏறக்குறைய இருநூறு வீடுகள். 19,000-இல் நிறுத்திவிட்டால் இந்த ஆய்வு கிடையாது. ஒரே வளாகத்தை 'முதல் கட்டம்', 'இரண்டாம் கட்டம்' என்று இரண்டு மனுவாகக் காட்டும் ஆசை எங்கிருந்து பிறக்கிறது என்று இப்போது புரியும். இன்னொன்றும் உண்டு: கட்டடம், நகரியம் என்ற வகையில் வரும் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து பொதுவாக விலக்கு கொடுத்திருக்கிறது அதே 2006 அறிவிக்கை. சென்னையில் ஓ.எம்.ஆர். சாலை ஓரம் இத்தனை கோபுரங்கள் எழுந்தனவே, ஒன்றுக்காவது கூட்டம் போட்டதாக நினைவில்லையே என்று யோசித்திருந்தால், காரணம் இதுதான். இந்த விலக்கில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு கல்குவாரிக்கு ஊரைக் கூட்டிக் கேட்கலாம், ஏரியை ஒட்டி ஆயிரம் வீடு வந்தால் கேட்க வேண்டாம் என்பதில் என்ன நியாயம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பொட்டிப்புரத்துக்குத் திரும்புவோம். அது ஒரு திட்டம்தான் என்றாலும் இந்த ஆய்வு முறையின் எல்லா மூட்டுகளும் அதில் ஒவ்வொன்றாகக் கழன்று தெரிந்தன.

நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முதலில் பார்த்த இடம் தேனி இல்லை. நீலகிரியில் மசினகுடி அருகே சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடம், யானை நடமாட்டம் உள்ள இடம். 2009-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அங்கே கூடாது என்று சொல்லிவிட்டது. தேனிப் பக்கம் சுருளியாறு பகுதியைப் பார்க்கச் சொன்னார்கள், அங்கும் காடு. கடைசியில் பொட்டிப்புரம் இருக்கிற போடி மேற்கு மலைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு ஆய்வு அறிக்கையிலும் 'மாற்று இடங்கள்' என்று ஓர் அத்தியாயம் இருக்க வேண்டும் என்பது விதி. பல அறிக்கைகளில் அது அரைப் பக்கத்தில் முடிந்துவிடும்: "நிலம் ஏற்கெனவே வாங்கப்பட்டுவிட்டதால் மாற்று இடம் பரிசீலிக்கப்படவில்லை." சிங்காராவை விட்டு நகர்ந்தது, அந்த அத்தியாயம் உண்மையில் எதற்காக இருக்கிறது என்பதற்கு நல்ல உதாரணம். பாறைக்குள் கருவி வைக்க வேண்டும் என்பது அறிவியலின் தேவை. இந்தப் பாறைதான் வேண்டும் என்பது பேச்சுவார்த்தைக்கு உரியது.

புதிய இடத்துக்கு 2011-இல் அனுமதி கிடைத்தது. பூவுலகின் நண்பர்கள் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2017 மார்ச்சில் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு அந்த அனுமதியை நிறுத்திவைத்தது. இரண்டு காரணங்கள் முக்கியமானவை. இரண்டுமே புதிதாகப் படிப்பவர்களுக்கு நல்ல பாடம்.

ஒன்று, தூரம். 'பி' பிரிவுத் திட்டமே ஆனாலும், சரணாலயம், தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கோ மாநில எல்லைக்கோ குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்தால் 'ஏ' பிரிவாகக் கொள்ள வேண்டும் என்று ஒரு பொது நிபந்தனை உண்டு. அந்தத் தூரம் முன்பு 10 கி.மீ.; 2014-இல் 5 கி.மீ. ஆனது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா பொட்டிப்புரம் திட்ட இடத்திலிருந்து 4.9 கி.மீ. நூறு மீட்டரில் ஒரு திட்டத்தின் தலையெழுத்து மாறுகிறது. மலை ஏறி இறங்குகிற தூரத்தை இங்கே யாரும் பார்ப்பதில்லை. வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுக்கும் நேர்கோடுதான் கணக்கு. அறிக்கையைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடும் படம் இதுதான்: நடுவில் ஒரு புள்ளி, சுற்றி 10 கி.மீ. வட்டம். அந்த வட்டத்துக்குள் உங்கள் ஊரின் ஏரி, ஓடை, காப்புக்காடு எல்லாம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் மீதி அறிக்கையிலும் அது இருக்காது.

இரண்டு, பார்த்தது யார். அறிக்கை எழுதுகிற நிறுவனம் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும் என்பது விதி. பொட்டிப்புரம் அறிக்கையைத் தயாரித்தது கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் ஆய்வு மையம். பறவை, காட்டுயிர் விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் அந்த அங்கீகாரம் அவர்களிடம் இல்லை. இதை வெறும் சான்றிதழ்த் தகராறு என்று தள்ளிவிட முடியாது. பாறையில் வெடி வைத்தால் அதிர்வு எவ்வளவு தூரம் போகும், தோண்டிய கல்லை எங்கே கொட்டுவது, தூசு எந்தப் பக்கம் பறக்கும் என்பதற்கெல்லாம் தனித்தனி ஆட்கள் வேண்டும். பறவை நிபுணரிடம் வெடிமருந்தைப் பற்றிக் கேட்பது அவருக்கும் நல்லதில்லை.

அங்கீகாரம் இருந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், அங்கே வேறு சிக்கல். அந்த நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பது திட்டத்தைக் கொண்டுவருகிறவர். மாப்பிள்ளை வீட்டாரிடம் கூலி வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளை எப்படி என்று பெண் வீட்டாருக்கு விசாரித்துச் சொல்கிற மாதிரி. நேர்மையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் "இந்த இடம் வேண்டாம்" என்று முடிகிற அறிக்கையை நான் இன்னும் பார்க்கவில்லை. மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்குக் கொடுத்த அறிக்கையின் பகுதிகள், ரஷ்யாவில் உள்ள பாக்சைட் சுரங்கத்தின் ஆவணத்திலிருந்து அப்படியே எடுத்தவை என்பது பிறகு அம்பலமானது. மாம்பழத்துக்குப் பேர்போன கொங்கண் கரையில் குளிர்நாட்டு ஊசியிலைக் காட்டுப் பறவைகள் வாழ்வதாக அதில் இருந்தது.

அந்த அளவுக்குப் போக வேண்டாம். உள்ளூரிலேயே நடப்பது வேறு ஒன்று, அதுதான் அதிகம். எந்த மாதத்தில் பார்த்தார்கள் என்பது.

அறிக்கைக்கான அடிப்படைத் தகவலைப் பொதுவாக ஒரே ஒரு பருவத்தில், அதாவது மூன்று மாதத்தில், மழைக்காலம் அல்லாத நேரத்தில் திரட்டினால் போதும் என்பது வழக்கம். காற்றில் தூசு எவ்வளவு என்று அளக்க வறண்ட மாதங்கள் பொருத்தம்தான். மழை பெய்தால் தூசு அடங்கிவிடும். உயிரினங்களுக்கு இது தலைகீழ். சென்னையின் பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்ளுங்கள். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்பு நிலம் அது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் அங்கே தண்ணீரும் நிறையும், வலசைப் பறவைகளும் வந்து இறங்கும். பூநாரைகள் நிற்கிற காலத்தில் போனவருக்கும் மே மாத வெயிலில் போனவருக்கும் ஒரே இடம் இரண்டு இடமாகத் தெரியும். தவளையைப் பார்க்க மழையில் போக வேண்டும், அதுவும் இரவில். யானை ஒரு தடத்தைப் பயன்படுத்துவது வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் என்றால், மீதி நாட்களில் அந்த வழியில் நின்றவர் "யானை இல்லை" என்று எழுதுவதில் பொய் எதுவும் கிடையாது.

ஓர் ஏரிக்கரைத் திட்டத்தின் அறிக்கையை ஒருமுறை படித்துக்கொண்டிருந்தேன். பறவைப் பட்டியலில் காகம், மைனா, மாடப்புறா, கரிச்சான், வெண்கொக்கு என்று பத்துப் பன்னிரண்டு பெயர். ஒரு வாத்துகூட இல்லை. கள ஆய்வு நடந்த மாதங்களைப் பார்த்தேன்: மார்ச் முதல் மே. ஊரில் பால்காரரைக் கேட்டிருந்தாலே தை மாதம் அந்த ஏரி எப்படி இருக்கும் என்று சொல்லியிருப்பார். ஆகவே அறிக்கையைத் திறந்தால் முடிவுரைக்கு ஓடாதீர்கள். ஆய்வு நடந்த மாதம், போன நாட்களின் எண்ணிக்கை, நடந்த பாதை, இந்த மூன்றையும் பாருங்கள். 'ஏற்கெனவே உள்ள தரவுகளிலிருந்து' என்று எழுதியிருந்தால் நேரில் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

உயிரினப் பட்டியலுக்குப் பக்கத்தில் 'பட்டியல் 1' என்று ஒரு நிரல் இருக்கும். 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு பெற்றவை அவை: யானை, புலி, காட்டெருது, தேவாங்கு, மலைப்பாம்பு. அப்படி ஒன்று தென்பட்டால் தனிப் பாதுகாப்புத் திட்டம் எழுதி, வனத்துறையின் ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். நம் மாவட்டங்களில் இந்த இடத்தில் அடிக்கடி வருகிறவர் மயில். சோளக்காட்டில் கூட்டமாக மேய்ந்து விவசாயிகளிடம் திட்டு வாங்குகிற அதே மயில்தான் பட்டியல் 1-இல் இருக்கிறது; அதனால் மயில் பாதுகாப்புத் திட்டம் என்று சில பக்கங்கள் தவறாமல் வரும். தேவாங்கைப் பற்றி அவ்வளவாக வராது. அது இரவில் நடமாடும். கள ஆய்வுக்காரர்கள் பகலில் நடமாடுவார்கள்.

புதியவர்கள் இங்கே ஒரு குழப்பத்தில் மாட்டுவார்கள். சுற்றுச்சூழல் அனுமதி ஒரு கதவு. வனநிலத்தை வேறு பயனுக்கு எடுக்க வேண்டுமென்றால் 1980-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி வன அனுமதி இன்னொரு கதவு. சரணாலயம், தேசியப் பூங்கா, அவற்றைச் சுற்றியுள்ள சூழல் உணர்திறன் மண்டலம், புலிகள் போய்வரும் வழித்தடம் ஆகியவை சம்பந்தப்பட்டால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு மூன்றாவது கதவு. கடலோரம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி நான்காவது. "அனுமதி வாங்கியாச்சு" என்று யாராவது சொன்னால், "எந்த அனுமதி?" என்று கேட்க வேண்டும். 2018-இல் நியூட்ரினோ திட்டத்துக்குக் கட்டடம் என்ற பெயரில், சிறப்பு நேர்வாகக் கிடைத்த அனுமதியைப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த ஆண்டு நவம்பரில் ஏற்றுக்கொண்டது. ஆனால் வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்றும் சொன்னது. திட்டம் அந்தக் கதவிலேயே நின்றது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில், பெரியாறு புலிகள் காப்பகத்தையும் மதிகெட்டான் சோலையையும் இணைக்கும் புலி வழித்தடத்தைச் சுட்டி, இத்திட்டத்துக்கு இடம் தர முடியாது என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. பெட்டியில் கட்டடமாக இருந்தது, புலியின் வழியில் மலையாகவே இருந்தது.

ஊரார் நேரடியாகப் பேசக்கூடிய ஒரே இடம் கருத்துக்கேட்புக் கூட்டம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும். மாவட்ட ஆட்சியரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை. குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே பொடி எழுத்தில் இருக்கும், பூதக்கண்ணாடி வேண்டும். வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும். முழு அறிக்கை ஆங்கிலத்தில் சில நூறு பக்கம்; தமிழில் சுருக்கம் மட்டும். அந்தச் சுருக்கத்தையும் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்ல பழக்கம். ஆங்கிலத்தில் 'ஓடை' என்று இருப்பது தமிழில் காணாமல் போயிருக்கும்.

கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்று குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவும் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம்தான். அதனால் புறக்கணிப்பு என்று வீட்டில் இருந்துவிட்டால் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். மைக்கில் கோபமாகப் பேசுவதை விட எழுத்தில் கொடுப்பது பலம்: பக்க எண் போட்டு, "இந்தப் பக்கத்தில் ஓடை இல்லை என்கிறீர்கள், கிராம வரைபடத்தில் இந்த சர்வே எண்ணில் இருக்கிறது" என்று. அதற்குக் கையொப்பமிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் யார் என்ன சொன்னார் என்பதன் சுருக்கத்தை அங்கேயே, வட்டார மொழியில், வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அந்த நேரத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், பந்தல்காரர் நாற்காலியை அடுக்கத் தொடங்கியிருப்பார். எழுந்துவிடாதீர்கள். எதிர்ப்பாகப் பேசியது 'சந்தேகங்கள் கேட்டனர், விளக்கம் அளிக்கப்பட்டது' என்று மாறுவது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

பிறகு எல்லாம் நிபுணர் குழுவுக்குப் போகும். குழு கூடும், கேள்வி கேட்கும், பெரும்பாலும் நிபந்தனைகளோடு அனுமதி தரும். மனு, அறிக்கை, குழுக் கூட்டக் குறிப்பு எல்லாம் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் கிடைக்கும். திட்டத்தின் பெயர் தெரிந்தால் வீட்டிலிருந்தே படிக்கலாம். அனுமதி கிடைத்த செய்தியை நிறுவனம் நாளிதழில் விளம்பரம் செய்ய வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் கதவு சாத்திவிடும்.

அனுமதிக் கடிதத்தில் இருக்கிற நிபந்தனைகளை நிறைவேற்றுகிறோம் என்று ஒவ்வொரு வருஷமும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அரையாண்டு அறிக்கை தர வேண்டும். இதைத் தேடிப் படிக்கிறவர்கள் மிகக் குறைவு. எங்கள் பக்கம் ஒரு குவாரியைச் சுற்றி மரம் நட்டுப் பசுமை வளையம் அமைப்பது நிபந்தனை. அடுத்தடுத்த இரண்டு அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். ஆறு மாதத்தில் மரங்கள் 'நன்கு வளர்ந்துள்ளன' என்று எழுதி, படமும் ஒட்டியிருந்தார்கள். இரண்டு படத்திலும் வேலி ஓரமாக ஒரு செவலை மாடு, ஒரே இடத்தில், ஒரே பக்கம் தலையைத் திருப்பி நின்றுகொண்டிருந்தது.